வெயிலில் மட்டும் ஓடிய ரயில்கள்

நேப்பர்வில், இல்லினாய்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமலேயே மொட்டைமாடிவரை ஏறி இறங்குகிறாய் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து இங்கே எங்கள் இருவருக்கும் மனம் நிறைந்தது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பெரம்பூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் பெட்டி கட்டிய உன்னிடம் அதைப் பற்றிச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இதே ஊரில் பிறந்து, எண்பது வயதுவரை இதே ஊரில் வாழ்ந்துவிட்டவர். என் மாலை நடை எப்போதும் ரயில் நிலையத்தில் போய் முடிவதை அவர் நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறார் போலும். போன மாதம் ஒருநாள் அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, தன் தந்தை எடுத்த படங்கள் என்றும், அவற்றில் பாதிக்கு மேல் ரயில்தான் என்றும், தாயார் இருந்தவரை இதற்காகவே கணவரைக் கடிந்துகொண்டிருந்தார் என்றும் சொன்னார். உள்ளே எட்டு மில்லிமீட்டர் படச்சுருள்கள் இருபத்தாறு இருந்தன. ஒவ்வொன்றும் கோடக்கின் மஞ்சள் அட்டைப்பெட்டியில். பெட்டியின்மேல் பென்சிலால் ஊரும் ஆண்டும். 1951 முதல் 1964 வரை.

ஆர்வக்கோளாறில் நான் செய்த பிழையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய பொருள் விற்பனை ஒன்றில் என்றோ வாங்கிப்போட்டிருந்த புரொஜெக்டரைத் துடைத்து, சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, முதல் சுருளை ஓட்டினேன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் சுருண்டே கிடந்த படம் சுருங்கிப்போயிருந்ததால் அதன் துளைகள் பற்களில் சரியாக அமரவில்லை. படம் நின்றுவிட்டது, விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வேட்டியின் நடுவில் பழுப்பாக ஒரு கொப்புளம் எழுந்து, ஓரம்வரை பரவி, வெறும் வெளிச்சமாகிவிட்டது. சுவிட்சை அணைப்பதற்குள் ஒரு பிரேம் வெந்துபோயிற்று. அருகில் நின்றிருந்த அந்த அம்மையார் கோபிக்கவில்லை. "அந்த இடத்தில் எங்கள் நாய் நின்றது" என்று மட்டும் சொன்னார். அன்றோடு புரொஜெக்டரைக் கட்டி வைத்துவிட்டு, பிரேம் பிரேமாகப் படமெடுத்துக் கணினிக்கு மாற்றித் தரும் ஒருவரிடம் எல்லாச் சுருள்களையும் ஒப்படைத்தேன். இரண்டு சுருள்களில் காடியின் புளித்த வாடை வீசியது. அசிட்டேட் படம் சிதையத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளமாம்.

அந்தக் காலத்து எட்டு மில்லிமீட்டர் படம் எடுக்கப்பட்ட விதத்தை அறிந்துகொண்டால்தான் இந்தப் படங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது விளங்கும். கடையில் விற்றது உண்மையில் பதினாறு மில்லிமீட்டர் அகலமும் 25 அடி நீளமும் உள்ள சுருள். முதலில் அதன் ஒரு பாதியில் மட்டும் படம் பதியும். சுருள் முடிந்ததும் கேமராவைத் திறந்து, சுருளைத் திருப்பிப் போட்டு, மறுபாதியில் எடுக்க வேண்டும். கழுவிய பிறகு அதை நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்து ஒட்டினால் 50 அடி. நொடிக்குப் பதினாறு பிரேம் வீதம் ஓட்டினால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான் ஒரு சுருள். சம்பளக்காரர் ஒருவர் அந்த நான்கு நிமிடத்தை ஒரு கோடைக்காலம் முழுவதற்கும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே எந்த ரயிலும் எட்டுப் பத்து நொடிகளுக்கு மேல் ஓடுவதில்லை. எஞ்சின் வரும், நாலைந்து பெட்டி வரும், வெட்டு. அடுத்த காட்சியில் பிறந்தநாள் கேக். ஒவ்வொரு சுருளின் நட்டநடுவிலும் ஓரத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஒளி பொங்கி வந்து அடங்குகிறது. சுருளைத் திருப்பிப் போடும்போது நிழலைத் தேடி ஒதுங்கியும் உள்ளே கசிந்துவிட்ட வெயில் அது.

இனி ரயில்களுக்கு வருகிறேன். எங்கள் ஊர் சிகாகோ யூனியன் நிலையத்திலிருந்து 28 மைல் தொலைவில், அன்றைய பர்லிங்டன் ரயில்வேயின் மூன்று தண்டவாளப் பாதையில் இருக்கிறது. 1934 மே 26 அன்று டென்வரில் விடியலில் புறப்பட்டு, 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் கடந்து சிகாகோ வந்துசேர்ந்த செஃபிர் என்னும் டீசல் ரயில் இந்த வழியாகத்தான் போயிற்று. செஃபிர் என்றால் மேற்குக் காற்று. கிரேக்கர்களுக்கு அதுவே மெல்லிய காற்று, வசந்தத்தைக் கொண்டுவருவது. மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்று சுடவைத்து, மென்மையை முழுவதுமாகத் தெற்குக்குக் கொடுத்துவிட்ட நம் மொழியில் அந்த ரயிலுக்குத் தென்றல் என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

பிலடெல்பியாவின் பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகால் கட்டிய பெட்டிகள் அவை, வண்ணம் பூசாதவை, பக்கவாட்டில் நெடுகப் பள்ளமும் மேடுமாக வரிகள் ஓடும். மின்சாரத்தை மிகக் குறுகிய நேரம் மட்டும் பாய்ச்சிப் பற்றவைக்கும் ஷாட்வெல்ட் முறையைப் பற்றி நீயே ஒருமுறை எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். பெயின்ட் காய்வதற்காகக் காத்திருந்த உன் கதைகளையெல்லாம் நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்த வெள்ளிப் பெட்டிகள் படம் எடுப்பவருக்குப் பெரும் தொல்லை கொடுத்திருக்கின்றன. பெட்டிக்கு ஏற்ப லென்சைச் சுருக்கினால் வானமும் மரங்களும் இருண்டுவிடுகின்றன. மரங்களுக்கு ஏற்பத் திறந்தால் பெட்டி வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடுகிறது. மூன்று ஆண்டுச் சுருள்களைத் தொடர்ந்து பார்த்தால் அவர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது தெரிகிறது.

நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது ஏழாவது சுருள். 1953 ஜூலை என்று எழுதியிருக்கிறது. நிலையத்தின் செங்கல் சுவரோரம் கோடு போட்ட கவுன் அணிந்த சிறுமி ஒருத்தி நிற்கிறாள். இப்போது எனக்கு எதிர்வீட்டுக்காரர். கலிபோர்னியா செஃபிர் நிற்காமல் கடக்கிறது. அதில் கண்ணாடிக் குமிழ் கூரை கொண்ட பெட்டிகள் ஐந்து உண்டு; விஸ்டா டோம் என்பார்கள். கொலராடோவின் கிளென்வுட் பள்ளத்தாக்கில் 1944இல் எஞ்சினில் பயணம் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி சைரஸ் ஆஸ்பர்ன், ஓட்டுநருக்குக் கிடைக்கும் காட்சி பயணிக்கும் ஏன் கிடைக்கக் கூடாது என்று எண்ணியதிலிருந்து பிறந்தது அது. முதல் குமிழ்ப் பெட்டியை 1945இல் கட்டியவர்கள் பக்கத்து ஊரான அரோராவின் பணிமனையினர். சிறுமி ஒவ்வொரு குமிழும் கடக்கும்போது ஒவ்வொரு விரலாக மடக்குகிறாள். நான்கு விரல் மடங்கிவிட்டது. கடைசிக் குமிழ் வால்பெட்டியில் வர வேண்டும். அதற்குள் ஆரஞ்சு ஒளி பொங்கிச் சுருள் முடிந்துவிடுகிறது. ஐந்தாவதை மடக்கினீர்களா என்று அவரிடம் கேட்டேன். "அப்பா சுருளை மாற்ற ஓடிவிட்டார், அதனால் மடக்கவில்லை" என்றார்.

மற்ற சுருள்களில் கிரேட் நார்தர்னின் எம்பயர் பில்டர் ஆரஞ்சும் கரும்பச்சையுமாக வருகிறது. நார்தர்ன் பசிபிக்கின் ரயில் இரண்டு பச்சைகளில் வருகிறது. இரண்டும் சிகாகோவுக்குள் வர இந்தப் பாதையைத்தான் பயன்படுத்தின. மில்வாக்கி ரோடு கம்பெனியின் ஹயவாதா ரயிலுக்கு இரண்டே காட்சிகள். நானூறு மைலை நானூறு நிமிடத்தில் கடப்பதாகச் சொல்லித் தன் ரயிலுக்கு '400' என்றே பெயர் வைத்த சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ஒரு சுருளில் வருகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் ரயில்கள் வலப்பக்கம் ஓட, அந்தக் கம்பெனி நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டியது. அதைப் பார்த்ததும் காரணமில்லாமல் சிரித்தேன்.

இருபத்தாறு சுருளையும் பார்த்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. எதிலும் மழை இல்லை. இரவு இல்லை. பனியில் ஒரு ரயில்கூட இல்லை. இல்லினாய் குளிர்காலத்தை நான் உனக்கு எத்தனை கடிதங்களில் சபித்திருக்கிறேன்! அவர் பயன்படுத்திய கோடாகுரோம் படத்துக்கு 1961இல் புது வகை வரும்வரை ஒளி உணர்திறன் பத்து மட்டுமே. நல்ல வெயில் முதுகில் அடித்தால்தான் ரயில் பதியும். அந்த வண்ணச் சாயங்கள் இருட்டில் வைத்தால் எளிதில் மங்குவதும் இல்லை. எனவே வெயில் நாட்கள் மட்டும், நேற்றுக் கழுவியதுபோன்ற நிறத்தோடு நம் கைக்கு வந்துசேர்ந்திருக்கின்றன. இங்கே முதியவர்கள் அந்த ரயில்களைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு பொன்வெயில் அடிக்குமே, அதில் பாதி இந்தப் படச்சுருளின் குணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேடிக்கை என்னவென்றால் கலிபோர்னியா செஃபிரின் கால அட்டவணையே வெயிலைக் கணக்கிட்டுப் போட்டதுதான்: ராக்கி மலையும் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் பகலில் வர வேண்டும் என்பதற்காக, அயோவாவின் மேற்குப் பகுதியையும் நெப்ராஸ்காவின் சமவெளியையும் இரவுக்குத் தள்ளிவிட்டார்கள். சோளக்காட்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

வெயிலுக்கு வெளியே இருந்தவற்றில் சில, தம்மையறியாமல் ஓரத்தில் பதிந்திருக்கின்றன. 1956இல் குடும்பம் டென்வருக்குப் போன சுருளில், தூங்கும் பெட்டியின் வாசலில் கறுப்பினப் பணியாளர் ஒருவர் மஞ்சள் நிறப் படி ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேற்பரப்பைத் துணியால் ஒருமுறை துடைத்து, கையை நீட்டுகிறார். இரண்டு நொடி. கேமரா அவரைத் தேடிப் போகவில்லை. ஏறிவரும் மனைவியைத்தான் பார்க்கிறது. புல்மன் கம்பெனியின் அந்தப் பணியாளர்களை, முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரைச் சொல்லி எல்லோரையுமே 'ஜார்ஜ்' என்று கூப்பிடுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் அமைத்து, கம்பெனியிடமிருந்து முதல் ஒப்பந்தத்தைப் பெற அவர்களுக்கு 1937 ஆயிற்று.

இன்னொரு சுருளின் பெட்டியில் '1955 ஆகஸ்ட், கேங்ககி' என்று இருக்கிறது. இல்லினாய் சென்ட்ரலின் பழுப்பும் ஆரஞ்சுமான ரயில் தெற்கு நோக்கிப் போகிறது. அதே ஆகஸ்டு 20ஆம் தேதி, எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிகாகோச் சிறுவன் மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போக இதே பாதையில்தான் ரயிலேறினான். எட்டாம் நாள் வெள்ளையர்களால் கொல்லப்பட்டான். செப்டம்பர் முதல் வாரத்தில் அவன் உடல் ரயிலில் சிகாகோ திரும்பியது. படத்தில் சோளக்கதிர்கள் அசைகின்றன. வானம் அப்படி ஒரு நீலம். அந்தச் சுருளை என்னால் இரண்டாம் முறை ஓட்ட முடியவில்லை.

எங்கள் ஊரின் விபத்தும் இந்தச் சுருள்களில் இல்லை. அவர் கேமரா வாங்கியதே பிறகுதான். 1946 ஏப்ரல் 25 அன்று, கோளாறு பார்ப்பதற்காக நிலையத்தருகே நின்ற ரயிலின் பின்னால், சில நிமிடம் பின்தங்கி அதே தண்டவாளத்தில் வந்த இன்னொரு விரைவு ரயில் மோதி நாற்பத்தைந்து பேர் இறந்தார்கள். பக்கத்து மரச்சாமான் தொழிற்சாலையின் ஆட்களும் கல்லூரி மாணவர்களும் ஓடிவந்து காயமுற்றவர்களை வெளியே எடுத்தார்கள். அதன்பின் வந்த ஆணையால், எஞ்சினுக்குள்ளேயே எச்சரிக்கும் சிக்னலோ தானாக நிறுத்தும் கருவியோ இல்லாத பாதைகளில் வேகம் மணிக்கு 79 மைலோடு நின்றது. மணிக்கு நூறு மைலைத் தாண்டி ஓடிப் பழகிய நாடு இது. வேகக் குறைவு, 1956க்குப் பிறகு வந்த நெடுஞ்சாலைகள், ஜெட் விமானம், கடைசியாக 1967இல் அஞ்சல் துறை ரயில்களிலிருந்து தபால் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டது எல்லாம் சேர்ந்து கதையை முடித்தன. கலிபோர்னியா செஃபிரின் ஓட்டம் 1970 மார்ச்சில் நின்றது. மறு ஆண்டு மே முதல் நாள், நாட்டின் பயணிகள் ரயில்களை நடத்தும் தேசிய நிறுவனமான ஆம்ட்ராக் வந்தது.

நான் இந்த நாட்டில் இறங்கியபோது அதெல்லாம் முடிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏறாத ரயிலுக்காக எனக்கு எதற்கு ஏக்கம் என்று என் மனைவி கேட்கிறாள், நியாயமான கேள்வி. ஆம்ட்ராக் 1983இல் அந்தப் பழைய பெயரையே சூட்டிய மாடி ரயில் இன்றும் பிற்பகலில் எங்கள் நிலையத்தில் நிற்கிறது. நேற்று மழையில் அந்த அம்மையாரையும் அழைத்துக்கொண்டு போனேன். ரயில் நாற்பது நிமிடம் தாமதம். அதில் குமிழ் இல்லை. அவர் கையைக் குடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பெட்டிகளை மட்டும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் என் தங்கை மகன் சென்னை வருகிறான். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உனக்கு ஒரு வேலை உண்டு. பதினோராம் சுருளில், 1936இல் கட்டிய நெப்ராஸ்கா செஃபிர் ரயில் வளைவில் மெதுவாகத் திரும்புகிறது. இரண்டு பெட்டிகளின் முனைகளும் ஒரே போகியின்மேல், அதாவது ஒரே சக்கரச் சட்டத்தின்மேல், உட்காரும்படி கட்டப்பட்ட தொடர் அது. எடை குறையும், ஆட்டமும் குறையும் என்பார்கள். ஆனால் ஒரு பெட்டியில் கோளாறு வந்தால் அதை மட்டும் எப்படிக் கழற்றுவது, கழற்றிய இடத்தில் மற்றதைத் தாங்குவது எது என்பது எனக்கு விளங்கவே இல்லை. படத்தை நிறுத்தி நிறுத்திச் சக்கரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பெரம்பூரில் அப்படி ஒன்றை உன்னிடம் தள்ளிவிட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்