45 நாள் கெடுவை யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போனதிலிருந்து எங்கள் பக்கத்தில் அடுத்த தேர்தலைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. தேர்தல் முடிவில் குறை இருந்தால் எங்கே போவது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

2019 டிசம்பரில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்ற என் சித்தப்பா மகன் சொற்ப வாக்குகளில் தோற்றார். செல்லாதவை என்று சில வாக்குச் சீட்டுகளை ஒதுக்கிய விதத்தில் அவருக்கு ஐயம் இருந்தது. முடிவை அறிவிப்பதற்கு முன்பே காரணத்தை எழுதிக் கொடுத்து மறு எண்ணிக்கை கேட்டிருக்க வேண்டும். அவரோ வாய்ச்சண்டையோடு வெளியே வந்துவிட்டார். பிறகு திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு, ஒன்றிய அலுவலகத்தில் ஒரு மனு, சென்னைக்கு ஒரு பதிவுத் தபால். இதற்கிடையே பொங்கல் போயிற்று. சம்பா அறுவடையும், கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்துக் கிடந்ததுமாக நாள்கள் கழிந்தன. வழக்கறிஞரைப் பார்த்தபோது மாசி பாதி ஓடியிருந்தது. ரசீதுகளைப் புரட்டிப் பார்த்த அவர், கெடு முடிந்துவிட்டது என்றார்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 258-ஆம் பிரிவின்படி, முடிவு வெளியிடப்பட்ட நாளிலிருந்து 45 நாள்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும்; அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ பிரிவும் தேர்தல் மனுவைத் தவிர வேறு வழியில் ஊராட்சித் தேர்தலைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது. எங்கள் திருவாரூர் மாவட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம், பக்கத்துத் தஞ்சைக்கு மதுரைக் கிளை. எங்கே ரிட் மனு (அதிகாரிகளின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போட்டாலும், தேர்தல் மனுவுக்குப் போங்கள் என்ற பதிலே பெரும்பாலும் வரும். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமியின் வழக்கில் 1952-லேயே உச்ச நீதிமன்றம் சட்டமன்றத் தேர்தலுக்குச் சொன்ன நெறிதான் இது.

நாளுக்குள் போனாலும், 'முறைகேடு நடந்தது' என்று மொட்டையாக எழுதினால் மனு நிற்காது. எந்த மேசையில், எத்தனை சீட்டுகள், என்ன காரணம் சொல்லி ஒதுக்கப்பட்டன, வேட்பாளரின் முகவர் அப்போதே ஆட்சேபித்தாரா என்ற விவரங்களை எழுதிக் கையொப்பமிட்டு, அவை உண்மை என உறுதிமொழியும் தர வேண்டும். தன்னையே வெற்றி பெற்றவராக அறிவிக்கக் கோரினால், போட்டியிட்ட மற்றவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது அவசியம். வாக்கின் இரகசியம் கருதி, முகாந்திரம் இல்லாமல் மறு எண்ணிக்கைக்கு நீதிமன்றம் எளிதில் உத்தரவிடுவதில்லை. அது நியாயம்தான், ஆனால் எண்ணும் இடத்திலேயே குறித்துக்கொள்ளாத விவரத்தைப் பிறகு எங்கே தேடுவது?

ஆகவே, முடிவை ஒட்டும் அறிவிப்புப் பலகையிலேயே, எத்தனை நாள்களுக்குள் எந்த நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி வைக்க மாநிலத் தேர்தல் ஆணையம் ஆவன செய்ய வேண்டும். குறைதீர் கூட்டத்துக்கு இப்படிப்பட்ட மனு வந்தால், அதை 'தக்க நடவடிக்கைக்காக' என்று மேசைக்கு மேசை அனுப்பாமல், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி அன்றே எழுதித் திருப்பித் தந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓர் ஊராட்சி வாக்காளர்,
நன்னிலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.