ஆம்ஸ்டர்டாம் பயணம் ஏப்ரல் 10–12: மார்ச் 8க்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம். தேதி உறுதியாகிவிட்டது. கவனமாகப் படித்துப் பதில் போடுங்கள்.

1. வெள்ளி காலை 9 மணி: ஸ்கிபோல் விமான நிலையம், 858 பேருந்து நிறுத்தம். அங்கிருந்து நேராக லிஸ்ஸே ஊரிலுள்ள கியூகென்ஹாஃப் மலர்த் தோட்டம். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது, அதனால்தான் வெள்ளி. நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருக்கும், தாமதம் வேண்டாம்.

2. சனி காலை 10 மணி: சைக்கிள். வாடகைக்கு எடுக்கும்போதே கைபிரேக் உள்ள வண்டியாகக் கேளுங்கள். அங்கே பல வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். பழகாதவர்கள் நிறுத்தத் தெரியாமல் தடுமாறுவார்கள்.
டிராம் தண்டவாளத்தை ஒருபோதும் சாய்வாகக் கடக்காதீர்கள். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில் திரும்பாது, ஆள் கீழேதான். நேர் குறுக்காகக் கடக்கவும்.
ஓட்டும்போது கையில் போன் இருந்தால் அபராதம்.
பின்சக்கரப் பூட்டு மட்டும் போதாது. சங்கிலியால் வண்டியைக் கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

3. ஞாயிறு காலை 11 மணி: கால்வாயில் படகு.

4. டிராம், ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் வங்கி அட்டையைத் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் கட்டணம் கூடும். ஒருவருக்கு ஓர் அட்டை.

5. மழைக்கோட்டு கட்டாயம். காற்றில் குடை நிற்காது.

வருபவர்கள் பெயர், குழந்தைகளின் வயது, சைக்கிள் அளவுக்காக ஒவ்வொருவரின் உயரம் ஆகியவற்றை மார்ச் 8 ஞாயிறு இரவு 9 மணிக்குள் இங்கேயே எழுதுங்கள். வர முடியாதவர்களும் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை போடுங்கள். மறுநாள் காலை நுழைவுச்சீட்டு எடுக்கிறோம்.