1976 கிங்காங்கைப் பேரனுக்குக் காட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. குறுவை அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. இதெல்லாம் போனிலேயே சொல்லலாம். கடிதம் எழுத உட்கார்ந்தது கிங்காங்குக்காக, அந்த ராட்சதக் குரங்குப் படத்துக்காக.

பேரனுக்கு 2005-இல் பீட்டர் ஜாக்சன் எடுத்த கிங்காங்கைக் காட்டினேன், அடுத்து 1933-இல் வந்த முதல் படத்தைக் காட்டப்போகிறேன் என்றாய். நடுவில் 1976-இல் ஒன்று வந்ததே என்று கேட்டதற்கு, "அது ஆள் குரங்கு வேஷம் கட்டி ஆடின படம்மா, விடு" என்றாய். விட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தான். டிவியில் போட்டு முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வேஷம் கட்டியது உண்மைதான். கட்டியவர் ரிக் பேக்கர். கார்லோ ராம்பால்டி நாற்பது அடி உயரத்தில் ஒரு இயந்திரக் குரங்கு செய்தார், விளம்பரமெல்லாம் அதற்குத்தான். படத்தில் அது கொஞ்ச நேரம்தான் வருகிறது. மற்றபடி நாம் பார்ப்பது பேக்கரை. முகமூடியை இழுத்துச் சுருக்க உள்ளே கம்பிகள் இருந்தன. ஆனால் கண் அவருடையது, லென்ஸ் போட்டுக்கொண்டு நடித்தார். அருவிக் காட்சியைப் பார். குரங்கு தான் தூக்கிக்கொண்டுபோன பெண்ணை, சேறாகிவிட்டவளை, உள்ளங்கையில் வைத்து அருவியில் காட்டிக் கழுவுகிறது. அப்புறம் கன்னத்தை உப்பிக்கொண்டு மெதுவாக ஊதி ஈரத்தை உலர்த்துகிறது. தலைக்கு ஊற்றிய குழந்தைக்குப் பாட்டி சாம்பிராணிப் புகை காட்டுகிற பதம் அதில் இருக்கிறது. முதல் படத்தில் அந்தப் பெண் கடைசிவரை அலறிக்கொண்டே இருப்பாள். இதில் ஜெசிகா லாங், அவருக்கு இதுதான் முதல் படம், குரங்கைத் திட்டுகிறார், மூக்கில் குத்துகிறார், பேச்சுக் கொடுக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்கும்போது பேக்கரின் கண் மாறுவதைக் கவனி. அந்த வருஷம் காட்சி நுட்பத்துக்கான சிறப்பு ஆஸ்கர் ராம்பால்டிக்கும் இன்னும் இருவருக்கும் போயிற்று, பேக்கருக்கு இல்லை. பிற்பாடு அவர் ஒப்பனைக்காக ஏழு ஆஸ்கர் வாங்கிவிட்டார். இருந்தாலும் எனக்கு அது ஆறவில்லை.

படம் ஓடவில்லை என்று நினைக்காதே, நன்றாகவே ஓடியது. பெயர்தான் கெட்டுப்போயிற்று, 1933 படத்தோடு ஒப்பிட்டே அடித்துவிட்டார்கள். பாம்போடு சண்டை போடும் இடம் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குரங்கு இருக்கும் தீவுக்குப் போகிறவன் யார் என்று பார். முதல் படத்தில் போகிறவன் சினிமா எடுக்கிறவன். இதில் எண்ணெய்க் கம்பெனிக்காரன். கச்சா எண்ணெய் தேடிப் போகிறான். கிடைத்த எண்ணெய் பக்குவப்பட இன்னும் ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும் என்று தெரிகிறது. வெறுங்கையோடு திரும்ப முடியுமா? குரங்கைப் பிடித்து, எண்ணெய் ஏற்றவேண்டிய கப்பலின் வயிற்றில் போட்டுக்கொண்டு வருகிறான். நியூயார்க்கில் ராட்சத பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு உறையைப் போட்டு மூடி, திரை விலக்குவதுபோல் விலக்கிக் காட்டுகிறான். தலையில் கிரீடம் வேறு. அந்தக் கூண்டைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தஞ்சாவூரில் பெரியப்பாவோடு இந்தப் படம் பார்த்தேன். அப்போது குரங்கு செத்ததற்குத்தான் அழுதேன், கம்பெனிக்காரன் கண்ணிலேயே படவில்லை. அதற்கப்புறம் எத்தனை பார்த்துவிட்டோம்! எண்பதுகளில் நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள். வயலுக்கு நடுவில் இரும்புக் கோபுரம் எழும்பியது. வயலடியில் மீத்தேன் வாயு எடுக்க வேண்டாம் என்று இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் பேசி, அந்தப் பிரசாரத்துக்கு நடுவிலேயே 2013 டிசம்பரில் காலமானார். 2020-இல்தான் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. இந்தப் படம் 1976-லேயே இப்படி ஒரு கம்பெனியை நடுவில் நிறுத்தியிருக்கிறது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

கப்பலில் ஒரு இடம். ஜெஃப் பிரிட்ஜஸ் விலங்குகளைப் படித்தவராக வருகிறார். அந்தத் தீவு மக்களுக்குப் பயமும் அதிசயமும் அந்தக் குரங்குதான், அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம், ஒரு வருஷத்தில் அவர்கள் குடித்துச் சீரழிந்து கிடப்பார்கள் என்கிறார். பயங்கரப் படத்தில், பிடிபட்டதைத் தாண்டி, பறிகொடுத்த ஊரைப் பற்றி ஒருத்தர் கவலைப்படுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த இரட்டைக் கோபுரம். முதல் படத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஏறும், இதில் உலக வர்த்தக மையம். ஏன் அங்கே போகிறது தெரியுமா? அதன் தீவில் இரண்டு பாறை அதே மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பாவம், வீடு தேடிப் போகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம் என்பேன்.

கடைசியில் ஹெலிகாப்டரில் வந்து சுடுவார்கள், ரத்தமும் கொஞ்சம் அதிகம். பேரன் பயந்தால் அந்த இடத்தில் கண்ணை மூடச் சொல், படத்தை மட்டும் நிறுத்திவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனை அவனிடமே கொடு. அவனுக்கு யார் மேல் கோபம் வந்தது என்று நான் கேட்க வேண்டும்.

மருமகளைக் கேட்டதாகச் சொல்.

அம்மா