ஸ்கேன் அறிக்கையைக் கண்டு கலங்கிய அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

உங்கள் கழுத்தின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையை நீங்கள் தொலைபேசியில் வாசித்தபோது, 'தேய்மானம்' என்ற சொல் வந்த இடத்தில் உங்கள் குரல் தணிந்தது. கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. முதல் இரண்டுக்கு நடுவே தவிர, மற்ற ஒவ்வோர் இடைவெளியிலும் டிஸ்க் என்று நாம் சொல்லும் வட்டு இருக்கிறது. இளமையில் நீர் நிறைந்து மெத்தென்றிருக்கும் அது வயது ஏற ஏற வற்றித் தட்டையாகிறது. அதனால் சுமை எலும்பின் ஓரங்களுக்கு மாற, அங்கே முளைகள் வளர்கின்றன. 60 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும்கூட, ஸ்கேனில் இவை தென்படும். நரையை நோய் என்று யாரும் சொல்வதில்லையே.

ஆகவே தேய்ந்திருக்கிறதா என்பதைவிட, எது அழுத்தப்படுகிறது என்பதே கேள்வி. உங்கள் வலி தோளிலிருந்து இறங்கி நடுவிரலில் மரப்பாக முடிவதால், ஏழாவது கழுத்து நரம்பின் வேர் நெருக்கப்படுவதாக மருத்துவர் கருதுவது பொருத்தமாகவே படுகிறது. கட்டைவிரல் மரத்திருந்தால் ஆறாவதைச் சந்தேகித்திருப்பார். இவ்வகை வலி பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை சிகிச்சையின்றியே தணிந்துவிடும். வலி மாத்திரையை அவர் சொன்ன நாள்வரை மட்டும் எடுத்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள். கழுத்தைச் சுற்றி அணியும் காலர் பட்டை இதமாகத்தான் இருக்கும். ஆனால் நெடுநாள் அணிந்தால் கழுத்துத் தசைகள் தளர்ந்துபோகும் என்பதால், அதை நீங்கள் விரும்பி அணிவதுதான் எனக்குக் கவலை.

முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடமே நெருக்கப்படுவது வேறு கதை. அதில் கழுத்து வலி சிறிதும் இல்லாமல் இருக்கலாம் என்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, கால்கள் விறைத்து நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் தாமதிக்காமல் முதுகுத்தண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அங்கே அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் பாதிப்பு மேலும் வளராமல் தடுப்பதே. இழந்த திறன் முழுவதும் திரும்புமென்ற உறுதி இல்லாததால்தான் அவசரம். கழுத்தைத் திருகிச் சொடக்கெடுத்துச் சரிசெய்வதாகச் சொல்பவர்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.

அடுத்த முறை பேசும்போது அறிக்கையை எடுத்துவைக்க வேண்டாம். மரப்பு எந்நேரத்தில் கூடுகிறது, பொத்தான் போடுவதில் சிரமம் உண்டா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி