குழுவை விட்டு வந்தபின் என்னைத் தாங்கியவர்களுக்கு

வணக்கம்.

16 வயதில் ஓர் ஆயுதக் குழுவில் சேர்ந்தேன். 22 வயதில் தப்பி வந்தேன். வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். குழுவுக்கு நான் துரோகி, ஊருக்கு நான் இன்னும் அவர்களுடைய ஆள். உங்கள் பெயர்களை எழுதினால் உங்களுக்கும் தொல்லை வரும். அதனால் எழுதவில்லை.

முதல் நன்றி வக்கீல் ஐயாவுக்கு. 18 வயது ஆகாதவர்களை எந்த ஆயுதக் குழுவும் சேர்க்கக் கூடாது என்று 2000-இல் ஐ.நா. ஏற்ற நெறிமுறையையும், அப்படிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளை முதலில் பாதிக்கப்பட்டவர்களாகவே பார்க்க வேண்டும் என்ற 2007-இன் பாரிஸ் கோட்பாடுகளையும் நீங்கள்தான் படித்துக் காட்டினீர்கள். அழுதுவிட்டேன். 18-க்குப் பிறகு நான்கு வருடம் நான் செய்தவற்றுக்கு அந்த வரிகள் துணைக்கு வராது என்பதையும் நீங்கள் மறைக்கவில்லை. அதற்குத்தான் அதிக நன்றி.

தப்பி வந்தபின் நான் தங்கிய முகாமில் இருந்த ஆலோசகர் அக்கா, துப்பாக்கியை ஒரே நாளில் கீழே வைத்துவிடலாம், அந்த நினைப்பை இறக்கி வைக்க வருடங்கள் ஆகும் என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள்.

அப்புறம் பட்டறை முதலாளி. வெல்டிங் சான்றிதழோடு எங்கே போனாலும் "இந்த ஆறு வருடம் எங்கே இருந்தாய்?" என்பதுதான் கேள்வி. அடையாள அட்டை இல்லை, அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் தர ஆளில்லை. நீங்கள் ஒரு துண்டு இரும்பைக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொன்னீர்கள். பார்த்துவிட்டு, "நாளைக்கு வா" என்றீர்கள். அட்டை கிடைக்கும்வரை கூலியைக் கையில் கொடுத்தீர்கள். என் கதை தெரிந்து இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுபோனதை நீங்கள் சொல்லவே இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

கூட வேலை பார்க்கும் தம்பிகளே, தகடு விழுந்த சத்தத்தில் நான் மேசைக்கு அடியில் பதுங்கியதைப் பார்த்தீர்கள். யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தகட்டைக் கீழே போடும் முன் "அண்ணா, சத்தம் வருது!" என்று குரல் கொடுக்கிறீர்கள். இப்போதும்.

என்னோடு தப்பி வந்த பெண்களுக்கு இவ்வளவுகூடக் கிடைக்கவில்லை. பேச்சு வரும் என்று பயந்து, குழுவில் இருந்ததையே மறைத்து வாழ்கிறார்கள். எனக்குச் செய்ததை அவர்களுக்கும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, எதிர்வீட்டு அம்மா. உங்கள் மகனைக் கொன்றது நான் இருந்த குழு. எனக்கு வீடு கொடுக்கலாமா என்று வீட்டுக்காரர் உங்களிடம்தான் முதலில் கேட்டார். நீங்கள் மறுக்கவில்லை. இன்றுவரை என்னோடு பேசியதும் இல்லை. அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தெருவில் இருக்க விட்டீர்கள் அம்மா, நன்றி.