நம் வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா, செயலவையினர், தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இந்த ஆண்டும் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒரு சந்திப்பு நடத்தினோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது ஒரே ஒரு சந்திப்பைப் பற்றி.

பல்கலைக்கழகம் போகவிருக்கும் பிள்ளைகளுக்காக மாணவர் அரசியல் மன்றங்களின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். இடதுசாரி மாணவர்களைப் பற்றி முன்பே பேசியிருப்பதால், இம்முறை பழமைவாத மன்றம் ஒன்றைப் பார்த்தோம். 1924இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகக் கன்சர்வேட்டிவ் சங்கம் அது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சங்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1937இல் அதன் தலைவராக இருந்த எட்வர்ட் ஹீத் ஒரு தச்சரின் மகன். 1946இல் தலைவரான மார்கரெட் தாட்சர் மளிகைக் கடைக்காரரின் மகள், வேதியியல் மாணவி. அதே ஊரின் புகழ்பெற்ற விவாத மன்றமான ஆக்ஸ்ஃபர்ட் யூனியன் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்ததே 1963இல்தான். பழமைவாதச் சங்கமோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு பெண்ணைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. ஹீத், தாட்சர் இருவரும் பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமர் ஆனார்கள். 1975இல் கட்சித் தலைமைக்கான போட்டியில் தாட்சர் ஹீத்தையே வென்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1938ஆம் ஆண்டுக் கதை. ஆக்ஸ்ஃபர்ட் இடைத்தேர்தலில், ஹிட்லரோடு சமரசம் பேசிய தன் கட்சியின் வேட்பாளரை ஆதரிக்க ஹீத் மறுத்து, எதிர்த்து நின்ற லிண்ட்சேக்காக வேலை செய்தார். லிண்ட்சே தோற்றார். இருந்தும் ஹீத்தின் அரசியல் அதோடு முடிந்துவிடவில்லை.

பால்மரம் சீவி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அப்போது எழுந்து, "இருப்பதைக் காப்பாத்துறதுதான் பழமைவாதம்னா, தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்போ நாம கூட்டுறவு சேர்ந்தோமே, அது என்ன தம்பி?" என்று கேட்டார். தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் நம் ஊர் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொன்னார். அன்று என்னிடம் பதில் இல்லை. இடது, வலது என்ற பெயர்களை வெள்ளைக்காரன் ஊரிலிருந்து அப்படியே எடுத்து நம் வாழ்க்கைக்கு ஒட்டக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

சரி, நம் நாட்டில் என்ன நடந்தது? 1971இல் மாணவர்களின் அரசியல் ஈடுபாட்டைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 1974 டிசம்பரில், ரப்பர் விலை விழுந்து கெடா மாநிலத்தின் பாலிங் வட்டார மக்கள் பட்ட பாட்டுக்காக மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ரப்பர் சீவுகிறவர்களுக்காக அடிபட்ட பிள்ளைகள் என்பதை நம் ஊரில் எத்தனை பேர் அறிவோம்? மறு ஆண்டே சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. இடதுசாரியோ பழமைவாதியோ, எந்தக் கட்சிக்கும் வளாகத்தில் மாணவர் மன்றம் வைக்க முடியாத நிலை நீண்டது. 2012இல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றானது. வளாகத்துக்குள் கட்சி நடவடிக்கைக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தத்தை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

நான் பல்கலைக்கழகம் போன நாளில் அப்பா பேருந்து நிலையத்தில் சொன்னது, "படிச்சோமா வந்தோமான்னு இரு" என்பதுதான். அவர் பயம் நியாயமானது. ஆனால் சட்டம் மாறிய பிறகும் அதே வார்த்தையைப் பெற்றோர் இன்றும் சொல்வதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. தச்சர் மகனுக்குக் கிடைத்த பயிற்சி தோட்டத்து லயத்துப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக்கூடாது? எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். கூட்டம் நடத்தவும், ஓட்டில் தோற்கவும், மறுபடி எழுந்து பேசவும் அவர்கள் பழக வேண்டும்.

அப்புறம், அடுத்த ஆண்டுத் திட்டம். பள்ளி விடுமுறையில் அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவை மலாயிலும் தமிழிலும் வரி வரியாக வாசிக்கப்போகிறோம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவர்களின் பெற்றோரும் கூடவே வந்து உட்கார வேண்டும். சென்ற முறை நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். இம்முறை கோயில் மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

அன்புடன்,
செயலாளர்