புத்தகத்துக்குள் குழந்தைகளின் குரல்

தொடக்கப் பள்ளி நூலகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நூலகத்துக்கு டேப்லெட் வந்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இதை முதலில் செய்து பாருங்கள். படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி ஒரு குழந்தையை அரை நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்த ஒலிப்பதிவின் இணைப்பை க்யூஆர் கோடாக மாற்றி அந்தப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதை எடுக்கும் குழந்தை டேப்லெட்டில் ஸ்கேன் செய்து கேட்கலாம். எழுதத் தயங்கும் பிள்ளைகள்கூட இதில் மனம் திறந்து பேசுவார்கள். முழுக் கதையும் வேண்டாம், "எந்த இடம் பிடித்தது, ஏன்?" என்று கேட்டால் போதும்.

க்யூஆர் கோடு உருவாக்கும்போது, இணைப்பை நேரடியாகத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ‘ஸ்டாடிக்’ வகையைத் தேர்ந்தெடுங்கள். கோடு உருவாக்கிய தளத்தின் வழியாகத் திருப்பிவிடும் ‘டைனமிக்’ வகை சில தளங்களில் இலவசக் காலம் முடிந்ததும் வேலை செய்யாது.

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தக் குரலையும் பதிவேற்ற வேண்டாம். இதில் சமரசமே கூடாது. முழுப்பெயர், முகம் எதுவும் வெளியே போகக் கூடாது. பல இணையச் சேவைகளில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கணக்கு தொடங்க முடியாது. எனவே கணக்கு பள்ளியின் பெயரிலேயே இருக்கட்டும்.

அப்புறம், புதுக் கதைகள் தேடுவோர் ஸ்டோரிவீவர் என்ற இலவசச் சிறுவர் கதைத் தளத்தைப் பாருங்கள். அங்குள்ள கதைகள், மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் தாராளமாக அச்சிட்டுக் கொடுக்கலாம்.

ஒப்புதல் படிவத்தின் மாதிரி வேண்டுவோர் இங்கேயே சொல்லுங்கள், அனுப்புகிறேன்.